பாகுப் பதமும் ஊதுலையும்: இரும்புத் தூள் கட்டியான வரலாறு



ஊதுலைப் படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் நம் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவார்கள். மேலே வாய். அதன் வழியாக இரும்புத் தாது, கோக் கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் உள்ளே போகும். கீழே பக்கவாட்டில் சூடான காற்று நுழையும். அடியில் உருகிய இரும்பு, அதன்மேல் மிதக்கும் கசடு. எஸ்.பி.எம். வேதியியலானாலும் சரி, சிங்கப்பூரின் சாதாரண நிலைத் தேர்வானாலும் சரி, படம் ஒன்றுதான்.

அந்தப் படத்தில் ‘இரும்புத் தாது’ என்று ஓர் அம்புக்குறி போடுகிறோமே, அங்கே உண்மையில் உள்ளே போவது என்ன? மலையில் வெட்டி எடுத்த கல் என்றுதானே நினைக்கிறோம்? பெரும்பாலும் இல்லீங்க. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் பெரிய ஊதுலைகளுக்குள் போகும் இரும்புப் பொருளில் பெரும்பங்கு சுரங்கக் கல்லே அல்ல. அது தூளாக வந்தது. சூட்டில் ஒட்ட வைத்து, ஆற வைத்து, உடைத்து, சலித்து எடுத்த கட்டி அது. அதன் பெயர் சின்டர். ஜெர்மன் மொழி வழியாக வந்த சொல். தமிழில் ‘சூட்டில் பிணைந்த கட்டி’ என்று புரிந்துகொண்டால் போதும்.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டியின் வரலாறு. தூளை எப்படிக் கட்டியாக்குவது, அந்தக் கட்டி உடையாமல் இருக்க அதற்குள் எது உறைந்திருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகள் பொறியாளர்களை ஒரு நூற்றாண்டு அலைக்கழித்தன. ‘சூட்டைக் கூட்டு, நன்றாக உருக்கு, தானாகக் கெட்டியாகிவிடும்’ என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் விடை. ஆலைகளும் நெடுநாள் அந்த வழியில்தான் போயின. விடை அதுவல்ல என்று தெரிந்தது பிறகுதான்.

தூள் ஏன் பகை?

புட்டு அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழலில் மாவை உதிரியாகப் போட்டால் ஆவி மேலே வரும், புட்டு வேகும். அதே மாவை அழுத்தி அடைத்தால்? ஆவிக்கு வழி கிடைக்காது. ஓர் ஓரமாகப் பீறிட்டுக்கொண்டு வரும். நடுவில் மாவு பச்சையாகவே இருக்கும்.

ஊதுலையும் ஒரு பெரிய புட்டுக்குழல்தான். ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்துக்கு, கரியும் தாதுவும் அடுக்கடுக்காக நிறைந்திருக்கும். கீழே ஊதும் காற்று கரியை எரித்துக் கார்பன் மோனாக்சைடு வாயுவாக மாறி, இந்த அடுக்குகளின் இடுக்குகள் வழியே மேலே ஏற வேண்டும். ஏறும் வழியில்தான் அது தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். இடுக்கு இல்லையென்றால் வினையும் இல்லை. தூளைப் போட்டால் இடுக்குகள் அடைபடும். வாயு ஒரே பக்கமாக ஓடும். மேலே உள்ள பாரம் கீழே இறங்காமல் தொங்கிக்கொண்டு நிற்கும். பிறகு திடீரென்று சரியும். அப்படிச் சரியும்போது உள்ளே அடைபட்டிருந்த வாயு வெடித்தாற்போல வெளியே பாயும். பக்கத்தில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்த இடம் அமெரிக்கா. மினசோட்டா மாநிலத்தின் மெசாபி மலைத்தொடரிலிருந்து 1892-இல் தாது ஏற்றுமதி தொடங்கியது. இரும்பு நிறைந்த தாது, தோண்டுவதும் எளிது. ஆனால் பெரும்பகுதி மண்ணைப் போல மென்மையாக, பொடியாக இருந்தது. பழைய கட்டித் தாதுவுக்குப் பழகிய ஊதுலைகள் இதைக் கண்டு திணறின. பாரம் தொங்கியது, சரிந்தது. தாதுவின் ஒரு பகுதி புகையோடு புழுதியாகப் பறந்து வெளியேறியது. ஆலைக்குப் பின்னால் இரும்புப் புழுதி மலைபோலக் குவிந்தது. காசு கொடுத்து வாங்கிய இரும்பு கண்ணெதிரே குப்பையாகக் கிடந்தது.

செம்புச் சுரங்கத்தில் பிறந்த யோசனை

இதற்கான தீர்வு இரும்பு ஆலையில் பிறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஈயம், செம்பு ஆகியவற்றின் தாதுக்களில் கந்தகம் கலந்திருக்கும். உருக்குவதற்கு முன் அதை எரித்து நீக்க வேண்டும். 1890-களின் பிற்பகுதியில் ஹண்டிங்டன், ஹெபர்லைன் என்ற இருவர், ஈயத் தாதுவை ஒரு பெரிய இரும்புப் பானையில் போட்டு அடியிலிருந்து காற்றை ஊதி எரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கந்தகம் எரிந்துபோகும், தூளும் ஒன்றோடொன்று ஒட்டும். ஆனால் காற்றைக் கீழிருந்து மேலே ஊதினால் தூள் அசைந்து அசைந்து புரளும். அசையும் பொருள் சீராக ஒட்டுமா?

1906 வாக்கில் மெக்சிகோவின் கனனேயா செம்புச் சுரங்க ஊரில் ஆர்தர் டுவைட், ரிச்சர்ட் லாய்டு என்ற இரண்டு பொறியாளர்கள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். தாதுத் தூளை நகரும் கம்பித் தட்டுகளின்மேல் பரப்பினார்கள். மேற்பரப்பில் தீ வைத்தார்கள். காற்றை ஊதாமல், தட்டுக்கு அடியிலிருந்து உறிஞ்சினார்கள். காற்று மேலிருந்து கீழே போனதால் தூள் அப்படியே அழுந்தி அசையாமல் கிடந்தது. தீயும் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தட்டு மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தீ அடிமட்டத்தைத் தொட்டுவிடும். தூள் முழுதும் ஒரே பாளமாகிவிடும். பாளம் கீழே விழும், உடையும். அடுத்த தட்டு வரும். நிறுத்தாமல் நடக்கும் வேலை.

1910-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் இந்தப் பொறியை இரும்புக்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒரே ஒரு மாற்றம் தேவைப்பட்டது. செம்புத் தாதுவில் இருந்த கந்தகமே எரிபொருளாக உதவியது. இரும்புத் தாதுவில் அப்படி எரிய எதுவுமில்லை. அதனால் கோக் கரியின் தூளைக் கொஞ்சம் கலந்தார்கள். வீணாய்க் கிடந்த இரும்புப் புழுதியும் வீணாய்க் கிடந்த கரித்தூளும் சேர்ந்து ஊதுலைக்குத் தீனியாயின. இன்று உலகெங்கும் இயங்கும் சின்டர் ஆலைகளின் அடிப்படை இதுதான். தட்டுகள் பெரிதாயின, தூள் படுகையின் ஆழம் கூடியது, முறை மாறவில்லை.

கடலை மிட்டாய்ப் பாடம்

சரி, தூள் எப்படி ஒட்டுகிறது? இதற்குத் தீபாவளிப் பலகாரத்தைத் துணைக்கு அழைப்போம்.

கடலை மிட்டாயில் கடலை உருகுவதில்லை. உருகுவது வெல்லம் மட்டும்தான். பாகு கடலைகளுக்கு இடையே ஓடி, ஆறியதும் உறைந்து பிடித்துக்கொள்கிறது. மிட்டாயின் உறுதி கடலையைப் பொறுத்ததா, பாகைப் பொறுத்ததா? பாட்டியைக் கேளுங்கள், ‘எல்லாம் பாகுப் பதத்துலதான்’ என்பார். பதம் வருமுன் இறக்கினால் உருண்டை பிசுபிசுத்து உதிரும். பதம் தப்பினால் பாகு கண்ணாடியாகி, தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

சின்டரும் அப்படியே. தீ கடந்து போகும் சில நிமிடங்களில் வெப்பம் 1,200 முதல் 1,300 பாகை செல்சியஸைத் தாண்டும். அப்போது தாதுவின் பெரிய மணிகள் பெரும்பாலும் உருகாமல் உள்ளே நிற்கும். அவற்றைச் சுற்றியுள்ள நுண்தூளும், சுண்ணாம்பும், மணலில் உள்ள சிலிக்காவும் சேர்ந்து உருகிப் பாகாகும். ஆறும்போது அந்தப் பாகிலிருந்து புதிய கனிமங்கள் படிகமாகும். ஆறிய சின்டரை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் முக்கியமாக ஐந்து வகைப் பொருள் தெரியும்.

முதலாவது ஹெமடைட், நாம் பாடத்தில் படிக்கும் சிவந்த இரும்பு ஆக்சைடு. இரண்டாவது மேக்னடைட், அதிகச் சூட்டில் ஹெமடைட் கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து உருவாகும் கருநிறக் காந்த ஆக்சைடு. மூன்றாவது கால்சியம் ஃபெரைட், சுண்ணாம்பும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்து உருவானது. நான்காவது டைகால்சியம் சிலிக்கேட், சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்ந்தது. ஐந்தாவது, படிகமாக நேரமில்லாமல் அப்படியே உறைந்துபோன கண்ணாடி.

இந்த ஐந்தும் எந்த அளவில், எந்த வடிவில் அமைகின்றன என்பதுதான் கட்டியின் தலையெழுத்து. இரண்டு சின்டர் கட்டிகளில் இரும்பு ஒரே அளவு இருக்கலாம். ஒன்று ஊதுலையின் பாதி வழிவரை தாங்கும், இன்னொன்று வாயிலேயே நொறுங்கும். இரும்பின் அளவைச் சொல்லும் வேதியியல் பகுப்பாய்வு இதைக் காட்டாது. உள்ளே என்ன உறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு சேர்த்தார்கள், கட்டி தானாக உதிர்ந்தது

தொடக்ககாலச் சின்டரில் சுண்ணாம்பு இல்லை. தாதுவும் கரித்தூளும் மட்டும்தான். சிலிக்கா நிறைந்த கண்ணாடியும் மேக்னடைட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. கட்டி கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் ஊதுலையில் வாயு அதன் உள்ளே எளிதாகப் புகவில்லை. ஆக்சிஜனைப் பறிக்க அதிகக் கரி தேவைப்பட்டது.

1950-களில் ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் ஜப்பானிலும் ஒரு மாற்றம் பரவியது. ஊதுலையில் தனியாகப் போடும் சுண்ணாம்புக்கல்லைத் தூளாக்கிச் சின்டரிலேயே கலந்துவிட்டால் என்ன? சுண்ணாம்புக்கல் சிதைந்து கரியமில வாயு வெளியேறுவதற்கு வெப்பம் வேண்டும் என்பது நாம் படித்ததுதான். அந்த வேலையை ஊதுலையில் விலை உயர்ந்த கட்டிக் கோக் கரியை எரித்துச் செய்வதைவிட, சின்டர் தட்டில் மலிவான கரித்தூளைக் கொண்டு முடித்துவிடலாமே! கணக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் சுண்ணாம்பைக் கூட்டக் கூட்ட ஒரு விசித்திரம் நடந்தது. சுண்ணாம்புக்கும் சிலிக்காவுக்கும் உள்ள விகிதம் 1.2 முதல் 1.5 வரை வரும்போது கட்டியின் வலிமை சட்டென்று குறைந்தது. சூடாக இருக்கும்போது நன்றாக இருக்கும் கட்டி, ஆறும்போது யாரும் தொடாமலே உதிர்ந்து மாவாகும்!

குற்றவாளி நான்காவது ஆசாமியான டைகால்சியம் சிலிக்கேட். அது சூட்டில் ஒரு படிக வடிவில் இருக்கும். ஆறி 500 பாகைக்கு அருகில் வரும்போது வேறொரு வடிவத்துக்கு மாறும். புதிய வடிவத்துக்கு இடம் அதிகம் வேண்டும். பருமன் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடும். சுவருக்குள் இருக்கும் செங்கல் திடீரென்று வீங்கினால் சுவர் என்ன ஆகும்? அதுதான் நடந்தது.

தீர்வு பின்வாங்குவதில் இல்லை, முன்னே போவதில் இருந்தது. விகிதத்தை 1.8, 2 என்று மேலும் உயர்த்தினார்கள். அப்போது மிகுதிச் சுண்ணாம்பு இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் ஃபெரைட்டாக மாறியது. வலிமை திரும்பி வந்தது. இன்றைய சின்டர்கள் பலவும் இந்த அளவில்தான் இருக்கின்றன.

எண்ணெய் விலை கற்றுத் தந்த பாடம்

இப்ப கதையின் முக்கியத் திருப்பத்துக்கு வருவோம். ஜப்பானுக்குத் தாதும் இல்லை, எண்ணெயும் இல்லை. இரண்டையும் கப்பலில் இறக்கித்தான் எஃகு செய்ய வேண்டும். 1973-லும் 1979-லும் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஆற்றலைச் சேமிப்பது வாழ்வா சாவா என்ற கேள்வியானது. ‘கரியைக் குறைத்தும் நல்ல கட்டி கிடைக்குமா?’ என்று ஆலைகள் ஆராயத் தொடங்கின.

1980-களில் அவர்கள் நிலைநாட்டியது பழைய நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. வெப்பத்தை 1,300 பாகைக்குக் கீழே வைத்திருந்தால் பாகில் கால்சியம் ஃபெரைட் ஊசி ஊசியாக, மெல்லிய தகடு தகடாகப் படிகமாகிறது. அந்த ஊசிகள் பின்னிய பாயைப் போல ஹெமடைட் மணிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கின்றன. இடையே நுண்துளைகள் இருப்பதால் வாயுவும் எளிதாக உள்ளே போகிறது. 1,300-ஐத் தாண்டினால் அதே ஃபெரைட் சிதைந்து, மேக்னடைட்டாகவும் ஹெமடைட்டாகவும் கண்ணாடியாகும் பாகாகவும் பிரிந்துபோகிறது. கட்டி பார்க்கப் பளபளவென்று கெட்டியாக இருக்கும். ஆனால் கண்ணாடிதான் முதலில் விரிசல் விடும் பொருள். நுண்துளைகள் ஒன்றுசேர்ந்து பெரிய ஓட்டைகளாகியிருக்கும். வாயு நுழைவதும் கடினம்.

ஆகவே கரியைக் குறைத்தபோது கட்டி நலிந்துவிடவில்லை. பதமாகச் செய்தால் இன்னும் நல்ல கட்டியே கிடைத்தது. மாணவர்களே, ‘அதிக வெப்பம், அதிக உறுதி’ என்பது இங்கே பொய்யாகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்த ஃபெரைட் வெறும் சுண்ணாம்பும் இரும்பும் மட்டுமல்ல. அதில் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்திருக்கின்றன. சிலிக்கா, ஃபெரைட், கால்சியம், அலுமினியம் ஆகிய நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை எஸ்.எஃப்.சி.ஏ. என்று அழைக்கிறார்கள். இதன் படிக அமைப்பை 1989-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விளக்கி வெளியிட்டார்கள். 1998-இல் இதன் உறவுக்காரப் படிகம் ஒன்றின் அமைப்பும் தெரிந்தது. யோசித்துப் பாருங்க: பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான டன் இரும்பைத் தாங்கிப் பிடித்த பொருளின் உள்ளமைப்பு, கணினி வகுப்பறைக்கு வந்த காலத்தில்தான் தெரிய வந்தது.

வலிமையை எப்படி அளக்கிறார்கள்?

கட்டி உறுதியானதா என்று எப்படிச் சோதிப்பது? முறைகள் எளிமையானவை. ஒன்று, உருட்டல் சோதனை. 15 கிலோ சின்டரை ஒரு சுழலும் பீப்பாயில் போட்டு 200 சுற்று சுற்றுவார்கள். பிறகு சலித்து, 6.3 மில்லிமீட்டருக்கு மேல் எவ்வளவு மிஞ்சியது என்று நிறுப்பார்கள். இன்னொன்று, ஜப்பானில் வழங்கும் வீழ்த்தல் சோதனை. 2 மீட்டர் உயரத்திலிருந்து நான்கு முறை கீழே விடுவார்கள்.

மூன்றாவது சோதனை கொஞ்சம் நுட்பமானது. வெளியே கெட்டியாக இருக்கும் கட்டி ஊதுலைக்குள் உடையலாம். ஊதுலையின் மேற்பகுதியில் 500 முதல் 550 பாகை வெப்பத்தில், ஹெமடைட் ஆக்சிஜனை இழந்து மேக்னடைட்டாக மாறும். அப்போது பருமன் கூடி விரிசல் விழும். உருகிய பாகிலிருந்து மறுபடி படிகமான ஹெமடைட் இதற்கு மிகவும் இலக்காகிறது. அதனால் கட்டியை அந்த வெப்பத்தில் வாயுவில் வைத்து எடுத்த பிறகு உருட்டிப் பார்ப்பார்கள். குளிர்ந்த நிலையில் வெல்லும் கட்டி, சூட்டில் தோற்கலாம். ஒரே எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கடல் கடந்த ஆலை

பொதுவாகச் சின்டர் நெடும்பயணம் தாங்காது. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் ஓரம் உதிர்ந்து மறுபடி தூளாகும். அதனால்தான் சின்டர் ஆலையை ஊதுலைக்குப் பக்கத்திலேயே கட்டுவார்கள். இந்த வழக்கத்தை மீறிய ஒரு கதை நம் தென்கிழக்காசியாவிலேயே இருக்கிறது.

தோக்கியோ விரிகுடாவின் கரையில் உள்ள சிபாவில் கவாசாக்கி எஃகு நிறுவனத்தின் முதல் ஊதுலை 1953-இல் எரியத் தொடங்கியது. அங்கே ஆறாவது ஊதுலையைக் கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். புகையாலும் தூசியாலும் மூச்சுத் திணறிய குடியிருப்பாளர்கள் 1975-இல் நீதிமன்றம் சென்றார்கள். எஃகு ஆலையில் காற்றை மிகவும் கெடுக்கும் பகுதிகளுள் ஒன்று சின்டர் ஆலை. கந்தக டைஆக்சைடும் நுண்தூசியும் அங்கிருந்துதான் அதிகம் கிளம்பும். அந்த ஊதுலைக்கு வேண்டிய சின்டரைச் செய்யும் ஆலை ஜப்பானில் எழவில்லை. பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் எழுந்தது. 1977-இல் அது இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு சிபாவின் ஆறாவது ஊதுலையும் எரிந்தது.

ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் தூள் மிண்டனாவ் போனது. அங்கே கட்டியானது. கட்டி 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடலில் பயணம் செய்து சிபாவை அடைந்தது. இரும்பு ஜப்பானுக்கு, புகை பிலிப்பைன்ஸுக்கு என்று அன்றே பலர் கண்டித்தார்கள். 1988-இல் சிபா மாவட்ட நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிபா மக்களுக்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த அன்றைய பிலிப்பைன்ஸில், ஆலைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்?

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? கட்டி அவ்வளவு தூரம் தாங்கும்படி செய்யத் தெரிந்த பிறகுதான் ஆலையை வேறு நாட்டில் வைப்பது சாத்தியமானது. நுண்ணோக்கியில் தெரியும் ஓர் ஊசிப்படிகம், எந்த ஊர்ப் பிள்ளை எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்பதையும் மாற்றிவிடுகிறது.

நம் கரையில்

இந்த வரலாற்றில் மலேசியாவுக்கும் இடம் உண்டு. 1901-இல் தொடங்கிய ஜப்பானின் யவாத்தா எஃகு ஆலைக்கு, 1920-களின் தொடக்கத்திலிருந்து ஜொகூர் பத்து பகாட் பகுதியின் தாது போனது. 1930-களில் திரெங்கானுவின் டுங்குன் வட்டாரத்தில் புக்கிட் பெசிச் சுரங்கம் திறந்தது. பெயரே ‘இரும்புக் குன்று’தான். போருக்குப் பின்னும் மலாயா ஜப்பானுக்கு முக்கியமான தாது மூலமாக இருந்தது.

பிறகு என்ன ஆச்சு? ஆஸ்திரேலியா 1938-இல் இரும்புத் தாது ஏற்றுமதிக்குப் போட்ட தடையை 1960-இல் தளர்த்தியது. 1966-இல் அதன் மேற்குப் பகுதியான பில்பராவிலிருந்து முதல் கப்பல்கள் கிளம்பின. பெருமளவு தூளாக வந்த அந்தத் தாதுவை ஜப்பானிய ஆலைகள் தயங்காமல் வாங்கின. தூளைக் கட்டியாக்கத்தான் அவர்களுக்குத் தெரியுமே. நம் சுரங்கங்களிலும் தாது வற்றிக்கொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் புக்கிட் பெசியில் வேலை நின்றது.

இன்று பேராக் மாநிலத்தில், லூமுட்டுக்கு அருகே தெலுக் ருபியாவில் வாலே நிறுவனத்தின் துறைமுகம் இருக்கிறது. 2014-இல் இயங்கத் தொடங்கியது. 400,000 டன் சுமக்கும் கப்பல்களில் பிரேசில் தாதுத் தூள் அங்கே வந்து இறங்குகிறது. பிரேசிலின் வடக்கேயுள்ள கராஜாஸ் தாதுவில் சிலிக்கா குறைவு. தெற்கத்தித் தாதுவில் அதிகம். இரண்டையும் அங்கே கலந்து ஆசிய ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். ஏன் கலக்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். சிலிக்கா மிகக் குறைந்தால் பாகு போதாது. மிகுந்தால் கண்ணாடி பெருகும். பதம் வேண்டும்.

தேர்வு மாணவர்களுக்கு

தேர்வில் பாடநூல் விடையையே எழுதுங்கள்: இரும்புத் தாது, கோக் கரி, சுண்ணாம்புக்கல், சூடான காற்று. இந்தக் கட்டுரை அந்த விடையை மாற்றவில்லை; அதன் பின்னால் இருப்பதைக் காட்டுகிறது. நினைவில் வைக்க நான்கு செய்திகள்:

1. ஊதுலையில் வாயு மேலேற இடுக்கு வேண்டும். அதனால் தூளை நேரடியாகப் போட முடியாது.

2. டுவைட், லாய்டு இருவரின் முறையில் காற்று மேலிருந்து கீழே உறிஞ்சப்படுகிறது. தூள் அசையாமல் ஒட்டுகிறது.

3. டைகால்சியம் சிலிக்கேட் ஆறும்போது வீங்கிக் கட்டியை உடைக்கும். ஊசி வடிவக் கால்சியம் ஃபெரைட் கட்டியைப் பிடிக்கும்.

4. 1,300 பாகையைத் தாண்டிய வெப்பம் அந்த ஃபெரைட்டைச் சிதைக்கும். கூடுதல் சூடு கூடுதல் உறுதி அல்ல.

ஆசிரியர்களுக்கு

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று: மூன்று பதங்களில் கடலை மிட்டாய் செய்து கொண்டு வாருங்கள். பதம் வராதது, சரியானது, பதம் தப்பியது. ஒவ்வொன்றையும் ஒரே உயரத்திலிருந்து நான்கு முறை ஒரு தட்டில் விழச் செய்து, சல்லடையில் சலித்து, மிஞ்சியதை நிறுக்கச் சொல்லுங்கள். அட்டவணை, வரைபடம், முடிவு எல்லாம் மாணவர்களே எழுதட்டும். நிறுத்த பிறகு மிட்டாய் மிஞ்சாது என்பது மட்டும் உறுதி.

வரலாற்று வகுப்பில் கலந்துரையாட ஒரு கேள்வி: சிபாவில் வேண்டாம் என்றான ஆலை மிண்டனாவில் எழுந்ததை நியாயப்படுத்த முடியுமா? வேலைவாய்ப்பு, உடல்நலம், முடிவெடுக்கும் உரிமை ஆகிய மூன்றையும் வைத்து வாதிடச் சொல்லுங்கள். அடுத்த முறை கரும்பலகையில் ஊதுலைப் படம் வரையும்போது, அந்த முதல் அம்புக்குறியின் அருகே ஒரு நிமிடம் நின்று, ‘இது எங்கிருந்து வருது தெரியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள்.